குப்பையும் குடியுரிமையும்

ஐரோப்பாவுக்குப் போய்த் திரும்புகிற நம்மவரில் பெரும்பாலோர் ஒரே பல்லவியைப் பாடுகிறார்கள். "அங்கே தெருவில் ஒரு காகிதத் துண்டு கிடையாது; நமது ஜனங்களுக்கு அந்தப் புத்தி எந்த ஜன்மத்திலும் வராது" என்பதே அந்தப் பல்லவி. சொல்லுகிறவர் விமானத்திலிருந்து இறங்கி ஒரு வாரங்கூட ஆகியிராது. அதற்குள் தாம் குடித்த காப்பிக் கோப்பையைக் காரின் ஜன்னல் வழியாக எறிந்திருப்பார். அது நிற்க. இந்தப் பல்லவிக்குள் அடங்கியிருக்கும் சித்தாந்தத்தையே நாம் இன்று பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ள விரும்புகிறோம். சுத்தம் வெள்ளையரின் பிறவிக் குணம், அசுத்தம் நமது பிறவிக் குணம் என்பது அந்தச் சித்தாந்தம். நம்மை ஆண்டவர்கள் இதைச் சொன்ன காலத்தில் நமக்குக் கோபம் வந்தது. அவர்கள் போன பிறகு நாமே நம்மைப் பற்றி இதைச் சொல்லிக்கொள்ளுகிறோம், கோபம் வருவதில்லை.

இது பொய் என்பதற்கு ஜீவனுள்ள சாட்சியம் ஒன்று இருக்கிறது. ஸ்விட்ஸர்லாந்தில் குடியேறி வாழும் ஈழத் தமிழர்களே அந்தச் சாட்சியம். 1983ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் கொழும்பிலும் பிற இடங்களிலும் தமிழர்களுடைய வீடுகளும் கடைகளும் கொளுத்தப்பட்ட பின்னர், உயிர் தப்பினாற் போதுமென்று புறப்பட்டவர்களில் ஒரு பகுதியார் அம்மலைநாட்டை அடைந்தனர். ஆதியில் வந்தவர்களிற் பெரும்பாலோர் தனித்த வாலிபர். உணவு விடுதிகளின் சமையற்கூடத்தில் பாத்திரம் துலக்கி, பிறகு அங்கேயே சமையற்காரராகி, பிறகு மனைவி மக்களை வரவழைத்துக் குடும்பிகளானார்கள். இன்று அங்கே பல்லாயிரம் தமிழர் இருக்கின்றனர். அவர்கள் அகதிகளாய்ப் புறப்பட்ட அதே 1983ஆம் வருஷம் அக்டோபர் 7ஆம் தேதி ஸ்விஸ் பார்லிமெண்டு தனது சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது என்பது தற்செயலாய் நேர்ந்த ஓர் ஒற்றுமை. 1985ஆம் வருஷம் ஜனவரி முதல் அச்சட்டம் அமலுக்கு வந்தது. ஆகவே ஸ்விஸ் குப்பை ஒழுங்கின் பெரும்பகுதி, நமது இனத்தார் அங்கே போய்ச் சேர்ந்த பிறகு, அவர்கள் கண்ணெதிரே, அவர்களும் உடனிருந்து பழக, உண்டானதேயாகும்.

புதிதாக வீடு கிடைத்த குடும்பத்தார், ஜெர்மன் பாஷை நாவில் ஏறுமுன்னரே, இந்த ஒழுங்கைக் கற்றாக வேண்டும். அங்கே குப்பை போடுவதற்குக் காசு கொடுக்க வேண்டும். நகரசபையின் முத்திரையிட்ட பை கடைகளில் விற்கிறது. 35 லிட்டர் பிடிக்கும் பை ஒன்றின் விலை ஊருக்கு ஊர் சற்று மாறினாலும் ஏறத்தாழ இரண்டு பிராங்க். அதைப் பையின் விலை என்று சொல்வது பொருந்தாது. பையின் பெறுமானம் அற்பம். உள்ளே போகும் குப்பையை எடுத்துச் சென்று எரிப்பதற்கான கட்டணமே அது. சில ஊர்களில் முத்திரைப் பைக்குப் பதிலாகத் தபால் தலை போன்ற ஒட்டுச்சீட்டு விற்கிறார்கள். முத்திரையோ சீட்டோ இல்லாத மூட்டையை வண்டிக்காரர் தொடமாட்டார். யாரும் காணாமல் வைத்துவிட்டுப் போனவனுடைய மூட்டையைப் பிரித்து, அதிலிருக்கும் கடித உறையின் விலாசத்தைக் கொண்டு ஆளைக் கண்டுபிடித்து அபராதம் விதிப்பதும் உண்டு. வக்கீல் தொழிலில் பழகிய நமக்குங்கூட, எச்சிற் காகிதத்தினிடையே சாட்சியம் தேடும் இந்த விசாரணை முறை முதலில் சிரிப்பையே மூட்டியது.

ஆனால் இந்தப் பைக்குள் போட வேண்டாதவை எவையென்று பார்க்கும்போதுதான் ஏற்பாட்டின் சூட்சுமம் விளங்குகிறது. பழைய பத்திரிகைகளை அடுக்கிக் கயிற்றால் நாற்புறமும் கட்டி, குறித்த நாளில் வாசலில் வைத்தால் இனாமாக எடுத்துச் செல்கிறார்கள். அட்டைப் பெட்டிகளை மடித்துத் தனியே கட்ட வேண்டும். கண்ணாடிப் போத்தல்களை வெள்ளை, பச்சை, பழுப்பு என நிறம் பார்த்து மூன்று வாய்களில் போடுவதற்குத் தெருமுனையில் இரும்புத் தொட்டிகள் இருக்கின்றன. பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தல்களை விற்ற கடையே திரும்ப ஏற்கிறது. தகர டப்பாவுக்கு ஓரிடம், எரிந்துபோன மின்கலத்துக்கு ஓரிடம், வடை சுட்ட எண்ணெயின் கசடுக்கு ஓரிடம். பழுதான ரேடியோவையோ தொலைக்காட்சிப் பெட்டியையோ அவ்விதச் சாமான்களை விற்கும் எந்தக் கடையிற் கொடுத்தாலும் அவர் மறுக்க முடியாது. புதிதாக வாங்கும்போதே அதன் கடைசிக் கிரியைக்கான செலவையும் விலையோடு சேர்த்து வாங்கிவிடுகிறார்கள். இவ்வளவையும் பிரித்துக் கொடுத்தவனுடைய முத்திரைப் பை நிறைய ஒரு வாரமாகும். பிரிக்காதவனுக்கு இரண்டு நாளில் நிறையும். அவன் சோம்பலுக்கு அவன் பணப்பையே தண்டனை கொடுக்கிறது.

சென்ற வருஷம் கோடையில் சூரிச் நகரையடுத்த ஓர் ஊரில், யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவருடைய வீட்டில் நாம் சில வாரம் தங்கியிருந்தோம். நண்பருடைய தாயார் எழுபது கடந்தவர். அவர் குடும்பத்தில் குப்பை இலாகாவின் மந்திரி அவரே. சமையற்கட்டுச் சுவரில் தமிழ் நாட்காட்டி தொங்கியது. ராகு காலமும் குளிகையும் கண்ட அந்த நாட்காட்டிக்குப் பக்கத்தில், நகரசபையார் வீடுதோறும் அனுப்பும் குப்பைப் பஞ்சாங்கம் தொங்கியது. இந்த வியாழன் காகிதம், அடுத்த புதன் அட்டை, இன்ன தேதியில் மரக்கிளை என்று அதில் வருஷம் முழுவதற்கும் குறித்திருக்கிறார்கள். அம்மையார் இரண்டையும் பார்த்தே நாளைத் தொடங்குவார். முருங்கைக்காய்ச் சக்கையும் வாழைப்பழத் தோலும் பச்சைத் தொட்டிக்குப் போகும்; அதில் அவருக்குச் சந்தேகமில்லை. தேங்காய்ச் சிரட்டைதான் அவருக்குத் தீராத வழக்கு. அது மட்கும் பொருளா, மட்காப் பொருளா? பச்சைத் தொட்டியில் போட்டால் அடுக்ககத்தின் காவலர் ஏதேனும் சொல்வாரோ என்ற பயம்; முத்திரைப் பையில் போட்டால் இரண்டு பிராங்கில் பாதியைச் சிரட்டையே விழுங்கிவிடுகிறதே என்ற துக்கம். கடைசியில் அம்மி இல்லாத அந்தத் தேசத்தில் ஒரு சுத்தியலை வாங்கி, சிரட்டையைத் தூள் தூளாக்கிப் பையின் மூலைகளில் திணிப்பதென்று தீர்ப்பாயிற்று. சிக்கனத்தில் ஸ்விஸ் மூதாட்டி எவரும் அவரை மிஞ்சியிருக்க முடியாதென்பது நமது அபிப்பிராயம்.

குற்றம் செய்தவர் நாமே. வந்த இரண்டாம் நாள் மாலையில், உதவி செய்வதாக எண்ணிக்கொண்டு, சமையற்கட்டில் கிடந்த கழிவை ஒரு சாதாரணக் கடைப் பையில் கட்டித் தெருவோரத்தில் வைத்துவிட்டு வந்தோம். அதில் மூன்று பிழைகள் இருந்தன. பையில் முத்திரையில்லை, மறுநாள் குப்பை நாளுமல்ல, குப்பை நாளாகவே இருந்தாலும் முந்திய இரவில் வைத்தல் அவ்வூர் விதிக்கு விரோதம். இரவில் வைக்கலாகாது என்பதன் காரணம் பொழுது விடிந்ததும் தெரிந்தது. அப்பிரதேசத்தில் நரிகள் ஊருக்குள்ளேயே தாராளமாக உலவுகின்றன. அவற்றிலொன்று பையைக் கிழித்து, நாம் முதல் நாள் உண்ட மீன் குழம்பின் முள் முழுவதையும் நடைபாதையில் பரப்பியிருந்தது. காவலர் வந்து அழைப்பு மணியை அடித்தார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, சுட்டிக் காட்டினார், அவ்வளவே. நாம் கீழே இறங்குமுன் அம்மையார் துடைப்பத்துடன் போய்விட்டார். திரும்பி வந்து, "தம்பி, இது எங்கட வீட்டுக் குப்பை எண்டு அவையளுக்கு மணத்திலயே தெரியும்" என்றார். அவர் சொன்னது சிரிப்புக்காகத்தான். ஆயினும் அந்த வாக்கியம் இன்றளவும் நம் மனத்தை விட்டகலவில்லை. அதைப் பற்றிப் பின்னர்ச் சொல்லுவோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பிராயச்சித்தமாக வெறும் போத்தல்களைத் தெருமுனைத் தொட்டியிற் சேர்க்கப் புறப்பட்டோம். நண்பரின் பத்து வயதுப் பெண் குறுக்கே நின்று, "மாமா, இண்டைக்கு ஞாயிறு, போத்தல் போட ஏலாது" என்று தடுத்தாள். போத்தல் உடையும் ஓசை அயலாரின் ஓய்வைக் கெடுக்குமாதலால் ஞாயிறும் பண்டிகை நாளும் இரவும் அதற்கு விலக்கப்பட்டவை. துணி துவைக்கும் யந்திரத்துக்கும் முறை உண்டு. கட்டடத்தின் அடித்தளத்தில் எல்லாக் குடித்தனங்களுக்கும் பொதுவாய் ஓர் அறை. இன்ன வீட்டுக்கு இன்ன நாள். துவைத்து முடித்தபின் வடிகட்டியிற் படிந்த பஞ்சை எடுத்துச் சுத்தம் செய்துவிட்டே சாவியை அடுத்தவரிடம் தர வேண்டும். பஞ்சை எடுக்க மறந்ததனால் ஏற்பட்ட பகை பத்து வருஷம் நீடித்த கதைகளையும் கேட்டோம்.

இதெல்லாம் ஸ்விஸ் ஜாதியாரின் ரத்தத்தில் ஊறியது என்று எண்ணுவோர் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். உலகத்துச் செல்வர்கள் பனியிற் சறுக்கி விளையாட வரும் ஸெர்மாட் என்ற மலையூரில் 1963ஆம் வருஷம் டைபாய்டு ஜுரம் பரவி நூற்றுக்கணக்கானவர் படுக்கையில் விழுந்தனர்; சிலர் மாண்டனர். குடிதண்ணீரில் அசுத்தம் கலந்ததே காரணம். அந்தக் காலத்தில் அத்தேசத்தாரில் மிகச் சிறு பகுதியாருடைய கழிவுநீரே சுத்திகரிக்கப்பட்டது. மற்றவை ஆற்றிலும் ஏரியிலும் கலந்தன. அஞ்சலட்டைப் படங்களில் நாம் பார்த்து மயங்கும் அந்த ஏரிகளிற் சில, குளிப்பதற்குத் தகாதவை என்று அறிவிக்கப்பட்டிருந்தன. குப்பையும் அவ்வாறே. பள்ளத்தைக் கண்ட இடத்திற் கொட்டினார்கள். 1975ஆம் வருஷத்தில் ஸாங்க்ட் காலன் நகரம் முதன்முதலாகப் பைக்குக் கட்டணம் ஏற்படுத்தியது. சூரிச் நகரம் 1993இல் அதைப் பின்பற்றியது. எரியக்கூடிய குப்பையைப் பூமியிற் புதைப்பது 2000ஆம் வருஷம் முதல் தேசம் முழுவதிலும் தடுக்கப்பட்டது. பிரெஞ்சு மொழி பேசும் வோ மாநிலத்தில் பெரும்பாலான ஊர்கள், உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்புச் சொன்ன பிறகே, 2013இல் வழிக்கு வந்தன. ஜெனீவா மாநிலத்தார் இக்கட்டணத்தை நெடுங்காலம் ஏற்காமலே தட்டிக் கழித்து வந்தனர். ஆகவே, ஒரு தலைமுறைக் காலம் வாதாடி, வாக்கெடுத்து, வழக்காடி, அபராதம் கட்டி, முணுமுணுத்துக்கொண்டே அவர்கள் கற்ற பாடம் இது. அவர்களுடைய தாத்தாவுக்கு இது தெரியாது.

சட்டத்தின் நயத்துக்கு மற்றோர் உதாரணம் காட்டுவோம். தண்ணீர்ப் போத்தல்களுக்கு ஜெர்மனியில் இருப்பதுபோல் முன்பணம் வாங்கும் முறை ஸ்விட்ஸர்லாந்தில் இல்லை. ஆனால் நூற்றுக்கு 75 பங்குக்குக் குறைவாகப் போத்தல் திரும்பி வந்தால் முன்பண முறையைக் கட்டாயமாக்கலாம் என்று விதி செய்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கத்தி தலைக்கு மேல் தொங்குவதால், பானம் விற்கும் வியாபாரிகள் தாங்களே மூலைக்கு மூலை தொட்டி வைத்து, 80 பங்குக்கு மேல் திரட்டிவிடுகிறார்கள். பிரசங்கம் செய்து சாதித்ததன்று இது.

அவர்களுடைய ஒழுங்கைப் புகழ்கிறோமேயன்றி அவர்களுடைய வாழ்வைப் புகழ்கிறோமில்லை. தலைக்கு வருஷம் ஒன்றுக்கு 650 கிலோவுக்கு மேல் ஊர்க் குப்பை உண்டாக்கும் தேசம் அது; ஐரோப்பாவிலேயே அதிகமாகக் குப்பை செய்வோர் வரிசையில் முன்னணியில் நிற்பவர் அவர்கள். அதிற் பாதியளவே மறுபயனுக்குப் போகிறது. மீதியைச் சுமார் முப்பது பெரிய உலைகளிலிட்டு எரித்து, அந்தச் சூட்டைக்கொண்டு வீடுகளுக்கு வெந்நீர் தருகிறார்கள். நண்பரின் தாயார் சாவகச்சேரியில் குடித்தனம் செய்த காலத்தில் அவர் வீட்டிலிருந்து வெளியே போன குப்பை என்று ஒன்று உண்டா? சாம்பல் பாத்திரம் துலக்க, காய்த்தோல் மாட்டுக்கு, சிரட்டை அகப்பைக்கும் அடுப்புக்கும், பழந்துணி கைப்பிடித் துணிக்கு. எரிக்க ஏதுமின்றி வாழ்ந்தவர், இப்போது அழகாகப் பிரித்து எரிக்கக் கற்றிருக்கிறார். இதை முன்னேற்றமென்று மட்டும் சொல்லிவிட நமக்கு மனம் வரவில்லை. கட்டணத்திலும் ஓர் அநீதி உண்டு. பங்களாவில் இருப்பவனுக்கும் பாத்திரம் துலக்குபவனுக்கும் பை ஒரே விலை. கைக்குழந்தையின் அணையாடை நிறையும் வீட்டில் செலவு இன்னும் அதிகம். இதை உணர்ந்து குழந்தையுள்ள வீட்டாருக்குச் சில ஊர்கள் சலுகை கொடுக்கின்றன.

இனி அம்மையாருடைய அந்த வாக்கியத்துக்கு வருவோம். தன் வீட்டுக் குப்பையை மணத்தைக் கொண்டே அடையாளம் கண்டுவிடுவார்கள் என்ற அச்சம் அந்த வீட்டில் நாற்பது வருஷத்துக்குப் பிறகும் இருக்கிறது. சுதேசி ஒருவன் முத்திரையில்லாத பையை வைத்தால் அவன் ஒருவனே குற்றவாளி. அந்நியன் ஒருவன் வைத்தால் அவனுடைய ஜாதி முழுவதும் குற்றவாளிக் கூண்டில் ஏறுகிறது. 1980க்குப் பிந்திய வருஷங்களில் தமிழ் வாலிபர்களை அத்தேசத்துப் பத்திரிகைகள் சந்தேகக் கண்ணோடு பார்த்தன என்பதை அங்குள்ள முதியவர்கள் மறக்கவில்லை. குடியுரிமையோ அயலார் கையில் இருந்தது. லூசெர்ன் மாநிலத்து எம்மென் என்ற ஊரில் 2000ஆம் வருஷம், பிரஜாவுரிமை கேட்டவர்களைப் பற்றி ஊரார் பெட்டியில் வாக்களித்தார்கள். இத்தாலியர் தேறினர், பால்கன் நாடுகளிலிருந்து வந்தவர் ஏறக்குறைய எல்லாரும் தோற்றனர். காரணம் சொல்ல வேண்டிய கடமை வாக்காளருக்கு இல்லை. 2003இல் அத்தேசத்து உச்ச நீதிமன்றம் இவ்வித வாக்கெடுப்பு அரசியல் சாசனத்துக்கு விரோதமென்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்துவிட்டது, பயம் போகவில்லை. வாசலில் சரியாகக் கட்டி வைக்கும் காகிதக் கட்டு, அந்த வீட்டாருக்குத் தாங்கள் அவ்வூரில் இருக்கத் தகுந்தவர்கள் என்பதற்குத் தாமே எழுதித் தாமே கையொப்பமிடும் நற்சாட்சிப் பத்திரமாக இருக்கிறது.

இது நமக்குப் புதிதல்ல. நேட்டாலில் இந்தியருக்கு உரிமைகளை மறுத்த வெள்ளையர் சொன்ன காரணங்களில் ஒன்று, இந்தியர் வீட்டையும் சுற்றுப்புறத்தையும் அசுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்பது. காந்தியடிகள் அதற்கு இரண்டு விதத்திற் பதில் சொன்னார். குற்றச்சாட்டில் உண்மை இருந்த அளவுக்கு, வீடு வீடாகச் சென்று நம்மவரையே கண்டித்தார். அதனால் நம்மவரிடமே அவமதிப்பும் பெற்றார். ஜோஹன்னஸ்பர்க்கில் இந்தியர் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த சேரியிலோ முனிஸிபாலிடி விளக்கும் வடிகாலும் துப்புரவும் செய்து தராமல், பிறகு அந்த அசுத்தத்தையே காரணமாகக் காட்டிக் குடிகளை வெளியேற்ற முனைந்ததை அம்பலப்படுத்தினார். 1904இல் அங்கே பிளேக் கண்டது. தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தவரிடமிருந்து அது வந்தது. இருந்தும் எரிந்தது இந்தியருடைய சேரி. பழக்கத்தின் குற்றம் எது, ஏற்பாட்டின் குற்றம் எது என்று பிரித்துப் பார்ப்பதே காந்தியடிகள் நமக்குக் கற்பித்த குப்பைப் பிரிப்பு. தாய்நாட்டைத் தூற்றும் நமது பிரயாணிகள் அந்தப் பிரிப்பைச் செய்வதில்லை.

நமது நண்பர் அதைச் செய்தார். அதுவும் தம்மைப் பற்றியே செய்தார். ஓர் உறவினர் கல்யாணத்துக்காக மூன்று வருஷத்துக்கு முன் அவர் சென்னைக்கு வந்திருந்தாராம். முதல் நாள், தண்ணீர் குடித்த வெறும் போத்தலை எங்கே போடுவதென்று தெரியாமல் பையில் வைத்துக்கொண்டே சுற்றினார். இரண்டாம் நாள் பையில் மூன்று போத்தல்கள் சேர்ந்தன. தங்கிய இடத்திற் கொண்டுபோய்க் கொடுத்தபோது, அங்குள்ள பையன் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் ஒரே வாளியிற் போட்டான். மூன்றாம் நாள் பஸ் நிலையத்தருகில், கை தானாக வீசிவிட்டது. சூரிச்சில் இருபத்தைந்து வருஷம் பழகிய கை! "ஏன்?" என்று கேட்டோம். அவர் நெடுநேரம் யோசித்தார். "அங்க எடுக்கிறதுக்கு ஆள் இருக்கெண்டு மனசுக்குத் தெரியும், ஐயா" என்றார்.

நமது தேசத்தின் குப்பைப் பிரச்னை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. எடுப்பதற்கு ஆள் இருக்கிறது. அந்த ஆள் யார், எந்தத் தெருவில் பிறந்தவர், எத்தனை தலைமுறையாக எடுக்கிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகையால் யாரும் கேட்பதில்லை. 1901இல் கல்கத்தா காங்கிரஸில், நமது தமிழ்ப் பிரதிநிதிகள் தாம் உண்ணும்போது பிறர் கண் பட்டாலும் தீட்டென்று, மூங்கில் தட்டியால் நாற்புறமும் அடைத்த தனிச் சமையற்கட்டில் புகைக்குள் அமர்ந்து உண்டார்கள். அதே முகாமில் கக்கூசுகள் நாறிக் கிடந்தன. தொண்டர்களைக் கேட்டால், அது தோட்டியின் வேலை என்றார்கள். காந்தியடிகள் துடைப்பம் கேட்டு வாங்கித் தாமே சுத்தம் செய்தார். தட்டிக்குள் அவ்வளவு ஆசாரமும் தட்டிக்கு வெளியே அவ்வளவு அலட்சியமும் ஒரே மூளையில் எப்படிக் குடியிருந்தன என்று வியப்பவர், இன்றைக்கு நமது அடுக்குமாடிகளில், அறைக்குள் செருப்பில்லாமல் நடந்து, மாடிப்படியின் மூலையில் அணையாடையையும் சோற்றையும் உடைந்த கண்ணாடியையும் ஒரே பையிற் கட்டி வைக்கும் நம்மையே பார்க்கலாம். அந்தக் கண்ணாடி யார் கையைக் கிழிக்கப் போகிறதென்பதை அறியாமலா கட்டுகிறோம்?

சட்டம் இல்லையென்று சொல்ல முடியாது. மாசு செய்தவனே அதன் செலவை ஏற்க வேண்டும் என்ற தத்துவம் நமது சட்டத்தின் அம்சமென்று சுப்ரீம் கோர்ட்டு 1996இலேயே, நமது வேலூர்ப் பக்கத்துத் தோல் பதனிடும் சாலைகளைப் பற்றிய வழக்கில், தீர்ப்பளித்துவிட்டது. வீட்டுக் குப்பையைப் பிரித்தே தர வேண்டுமென்று 2016ஆம் வருஷத்து விதிகள் கூறின. கையால் மலம் அள்ளுவிப்பது 2013ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். சாக்கடைக் குழியில் இறங்கி மாண்டவருடைய குடும்பத்துக்கு முப்பது லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டுமென்று 2023ஆம் வருஷம் அக்டோபரில் அதே கோர்ட்டு உத்தரவிட்டது. ஸ்விஸ் காரரிடமிருந்து நாம் கடன் வாங்க வேண்டிய ஷரத்து எதுவும் பாக்கியில்லை. அங்கே இருப்பதும் இங்கே இல்லாததும் வேறொன்று. பிரிக்காத குப்பை அங்கே போட்டவனுடைய வாசலிலேயே கிடக்கும். இங்கே அது எப்படியும் போய்விடும். போட்டவன் தூங்கி எழுமுன் போய்விடும். அதைப் பிரிக்கும் வேலை, கையுறையும் இல்லாமல் கிடங்கு மேட்டில் குனிந்து நிற்கும் பெண்ணின் தலையில் விழும். அவளுக்குக் கொடுக்கும் கூலியை எவரும் கட்டணமாகப் பார்ப்பதில்லை. தீபாவளி இனாமாகப் பார்க்கிறார்கள்.

ஆதலின் நமது நகரசபைகளுக்கு ஒன்று கூறுவோம். தேசம் முழுவதற்கும் இயக்கம், ஊர்வலம், உறுதிமொழி, சுவரெழுத்து யாவற்றையும் ஒரு வருஷம் நிறுத்தி வைக்கலாம். பணக்காரர் வசிக்கும் ஒரே ஒரு வட்டாரத்தைத் தேர்ந்துகொள்ளட்டும். ஏழைகள் பேட்டையிலிருந்து தொடங்கும் வழக்கமான தைரியம் வேண்டாம். இன்ன நாள் இன்ன குப்பை என்று அச்சிட்ட பஞ்சாங்கத்தை அங்கே வீட்டுக்கு வீடு கொடுக்கட்டும். கலந்து வைத்த மூட்டையைத் தொழிலாளி தொட மறுக்கலாமென்றும், மறுத்ததற்காக அவர்மேல் மேஸ்திரியோ கவுன்ஸிலரோ நடவடிக்கை எடுத்தால் அவர்களே தண்டனைக்குரியவர் என்றும் எழுத்து மூலம் உத்தரவிடட்டும். முதல் வாரத்தில் மூட்டைகள் வாசலிலேயே கிடந்து நாறும். நகரசபைத் தலைவருக்குத் தொலைபேசியில் வசவு வரும். நமது பத்திரிகைக்கும் கண்டனக் கடிதங்கள் வரும், அவற்றைப் பிரசுரிக்கிறோம். அந்த ஒரு வாரத்தைத் தாங்கும் நகரசபை நமது மாகாணத்தில் எது என்று அறிய விரும்புகிறோம்.